மடத்தில் படித்த சம்பந்தி

டூட்டிங், லண்டன்
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். வீட்டுப் போனை எடுக்கிறாய் இல்லை. அத்தானுக்குப் போன் அடித்தால், "பிழையான நம்பர், சிந்தா" என்று என் பெயரையும் சொல்லியே வைக்கிறார். தபால்காரனை எப்படித் தடுக்கப்போகிறாய் என்று பார்க்கத்தான் இந்தக் கடிதம். ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்தவள் எழுதுகிறேன். சிவப்புப் பேனாவை எடுக்காமல் வாசி.

உன் கோபத்தில் அரைவாசி நியாயம். உன் மகள் பெனிற்றா படிக்க வந்து என்னோடு தங்கியிருக்கிறாள், ஒருவனை விரும்புகிறாள், அது தெரிந்தும் நான் உனக்குச் சொல்லவில்லை. மற்ற அரைவாசியை நான் ஏற்க மாட்டேன். ஆள் யார், எவர் என்று ஒரு வார்த்தை கேளாமல் "காட்டுச் சனம்" என்று எழுதிப்போட்டு எங்கள் இரண்டு பேரையும் வெட்டிவிட்டாயே. எங்கள் ஆட்கள் கலியாணம் என்றால் விசாரிப்பார்களா, வெட்டுவார்களா?

ஆகவே நீ செய்யவேண்டியதை நான் செய்தேன். ஒரு ஞாயிறு பொடியனைச் சாப்பிடக் கூப்பிட்டு நண்டுக் கறி வைத்தேன். கையும் வாயும் நண்டில் இருக்கும்போது ஒருவனும் எழும்பி ஓடமாட்டான்.

பெயர் ஜோயல் பிரான்சிஸ். கேட்டாயா, பிரான்சிஸ்! எங்கள் ஊர் பாசையூரில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆட்கள் கிறீ என்கிற ஆதிக்குடிச் சனம், உங்கள் கனடாவில், ஒன்ராறியோவின் வடக்கே, ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஊர். றோட்டுக் கிடையாது. பிளேனில் போகவேண்டும், மாரியில் ஐஸின்மேல் வாகனம் ஓடும். தொழில் மீன். நாங்களும் மீன்காரர்தானே, அதை நீ ஸ்காபரோவில் ஒருவருக்கும் சொல்வதில்லை என்றாலும்.

படிப்பது தண்ணீர் சுத்தமாக்குகிற படிப்பு. ஏன் என்று கேட்டேன். அவன் ஊரில் குழாய்த் தண்ணீரை நேரே குடிக்க ஏலாதாம், அவன் சின்னப்பிள்ளையாய் இருந்த நாளிலிருந்து கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்களாம்.

"கனடாவிலையோ?" என்றேன்.

"ஓம் சின்னம்மா" என்கிறான். அந்த "ஓம்" பெனிற்றா பழக்கியது.

இனித்தான் சங்கதி. "அம்மா எங்க படிச்சவ?" என்று கேட்டேன். பெனிற்றா இங்கிலீசில் சொன்னாள். அவன் கையில் இருந்த நண்டுக் காலைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு, சிஸ்டர்மார் நடத்தின, தங்கிப் படிக்கிற போடிங் பள்ளிக்கூடம் என்றான். ஏழு வருடம். பிறகு கை கழுவ எழும்பிவிட்டான். உறைப்புக் கூடிப்போச்சு என்று நினைக்கிறேன்.

ஏழு வருடம், அக்கா! நீயே ஐந்து வருடம்தான் யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்தில் இருந்தாய். அந்த ஐந்தை வைத்து நாற்பது வருடமாய் எங்களை ஆட்டிப்படைக்கிறாய். இனி உனக்கு மேலே ஒரு சம்பந்தி. பெயர் மார்த்தா. ஈஸ்டருக்கு மகனைப் பார்க்க லண்டன் வருகிறா. என்ன சொல்கிறாய்?

பகிடியும் பாசமுமாய்,
யசிந்தா

*

ஸ்காபரோ
4 மார்ச் 2024

இயேசு மரி சூசை

சிந்தா,

உன் கடிதம் கிடைத்தது. பிழைகளை எண்ணத் தொடங்கி, முதல் பக்கத்திலேயே விட்டுவிட்டேன்.

நீ செய்தது துரோகம். அதில் அரைவாசி, முழுசு என்ற கணக்கெல்லாம் கிடையாது. என் பிள்ளையை உன்னை நம்பி அனுப்பினேன். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். அந்தச் சனத்தை டவுன்ரவுன் மூலைகளில் கண்டிருக்கிறேன், குடிவெறியில் விழுந்து கிடப்பார்கள். என் பயம் எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்தத் தாய் மடத்தில் படித்தவர் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாளாக அதையே யோசித்தேன். சிஸ்டர்மார் கையில் ஏழு வருடம் வளர்ந்த பெண் தன் பிள்ளையைப் பிழையாக வளர்த்திருக்கமாட்டாள். செபம், தையல், நேரத்துக்கு எழும்புவது, பெரியவர்கள் முன்னால் எப்படி நிற்பது என்பதெல்லாம் உடம்பில் ஊறியிருக்கும். மடத்தில் என்னைப் படிப்பித்த சிஸ்டர் அனஸ்தாசியா இல்லையென்றால் நான் இன்றைக்கு உன்னைப்போல மீன் வெட்டிக்கொண்டு இருந்திருப்பேன். கோபிக்காதே, உண்மையைச் சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு அவர் வரும்போது மரியாதையாகச் செய். உன் பங்குக் கோயிலில் இருக்கிற சிஸ்டர்மாரையும் வீட்டுக்குக் கூப்பிடு. முன்கூட்டிச் சொல்லாதே, கண்டதும் சந்தோஷப்படட்டும். எங்கேயோ வடதுருவத்தில் இருக்கிற பெண் எத்தனை காலம் ஒரு சிஸ்டரைக் காணாமல் இருந்திருப்பாரோ! மடத்தில் வளர்ந்தவளுக்கு அதைவிடப் பெரிய வரவேற்பில்லை. உனக்கு அது விளங்காது, நான் சொல்வதைச் செய்.

அவர் நான் நினைக்கிற மாதிரிப் பெண்ணாக இருந்தால், கலியாணத்தைப் பற்றி யோசிப்பேன். கோயிலில்தான். அதில் பேச்சுக்கு இடமில்லை.

பிலோமினா

*

டூட்டிங், லண்டன்
3 ஏப்ரல் 2024

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் மார்த்தா வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். குள்ளமான ஆள், நரைத்த தலைமயிரைப் பின்னி இடுப்புவரை விட்டிருந்தார். என்னிடம் இருப்பது மீன்கடை இங்கிலீசு. ஆனால் அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் குசினியில் நின்று சிரிக்கத் தொடங்கிவிட்டோம். நான் விளைமீன் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் கத்தியை என் கையிலிருந்து பறித்துவிட்டார்.

"என்னவாமடி?" என்று பெனிற்றாவைக் கேட்டேன்.

"மீன் ஏற்கெனவே செத்துப்போச்சாம் சின்னம்மா. திரும்பவும் ஏன் கொல்லுறியள் எண்டு கேக்கிறா."

எனக்கு ஏற்ற ஆள் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

பெல் அடித்தது. "சப்ரைஸ்!" என்று கத்திக்கொண்டு நானே ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். எங்கள் பங்குச் சிஸ்டர்மார் இரண்டு பேர், முக்காடும் சிலுவையுமாக, கையில் பூவோடு உள்ளே வந்தார்கள்.

மார்த்தா கத்தியை வைத்தார். சுவரோடு போய் நேராக நின்றார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க. செதில் ஒட்டியிருந்த கை. கண் நிலத்தில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு நேரமும் பகிடி விட்டவர்தானே. சிரித்துக்கொண்டே போய் அந்தக் கையில் "பட்" என்று ஒரு அடி போட்டேன்.

அவர் கையை இழுக்கவில்லை. மற்றக் கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அடுத்த அடிக்கு.

"சின்னம்மா, வேண்டாம்!" என்று பெனிற்றா கத்தின கத்தலில்தான் எனக்கு உறைத்தது. ஜோயல் வந்து தாயைக் கட்டிப்பிடித்தான். அவர் அவனை விலக்கிவிட்டுப் பின்வளவுக்குப் போய், மழையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். சிஸ்டர்மாரில் மூத்தவர் மன்னார்ப் பக்கத்து ஆள். பூவை வாசலில் வைத்தார். "நாங்கள் நிண்டால் அவ உள்ளுக்கு வரமாட்டா, பிள்ளை" என்று சொல்லி மற்றவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஜோயல் சொன்னான், பெனிற்றா எனக்குச் சொன்னாள். அது நீ படித்த மாதிரிப் பள்ளிக்கூடமில்லை, அக்கா. அரசாங்கம் காசு கொடுத்து, சிஸ்டர்மாரும் சுவாமிமாரும் நடத்தினது. மாரிக்கு முன்னம் பிளேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். விடமாட்டோம் என்ற தாய்தகப்பனுக்குப் பொலிஸ். போன அன்றைக்கே தலைமயிரை வெட்டுவார்களாம். பெயருக்குப் பதிலாக நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். தங்கள் பாஷையில் ஒரு சொல்லுச் சொன்னால் சுவரோடு நிறுத்திக் கையை நீட்டச் சொல்வார்களாம்.

"அண்டைக்கே சொல்லத் துவங்கினனான்" என்று பெனிற்றா அழுதாள். "நீங்கள் உடனை அம்மாவுக்குக் கடிதம் எழுதப்போறன் எண்டு எழும்பிட்டியள். இண்டைக்குச் சிஸ்டர்மாரைக் கூப்பிட்டதை எனக்கு ஒரு சொல்லுச் சொன்னீங்களோ?"

அறுபது வயது மனுசி, அக்கா. என் குசினிச் சுவரோடு, சின்னப்பிள்ளை மாதிரி. என் கை இன்னும் கூசுகிறது.

யசிந்தா

*

ஸ்காபரோ
19 ஏப்ரல் 2024

இயேசு மரி சூசை

சிந்தா,

உன் கடிதத்தை வாசித்து அதிர்ந்துபோனேன். பிறகு யோசித்துப் பார்த்தேன்.

அந்தச் செய்திகளை நானும் கேட்டிருக்கிறேன். பாப்பரசரே இங்கு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார். அதற்கு மேலே என்ன வேண்டும்? எங்களையும்தான் மடத்தில் அடித்தார்கள். தமிழ் வகுப்பில் சிரித்ததற்கு எனக்குப் பிரம்படி விழுந்தது. முழங்காலில் நின்றிருக்கிறேன். அதற்காகச் சிஸ்டரைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேனா? கையெடுத்துக் கும்பிடுகிறேன். எல்லா இடத்திலும் ஒன்றிரண்டு கெட்டவர்கள் இருப்பார்கள். தங்கள் வாழ்க்கையை ஒறுத்து, அந்தக் குளிருக்குள் போய், எழுத்தறிவித்தவர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கிடையாதா?

அந்தப் பெண்ணின் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் சிஸ்டரைக் கண்டே பயப்படுகிறவர் கோயிலுக்குள் எப்படி வருவார்? என் ஒரே மகள் பீடத்துக்கு முன்னால் மாலை மாற்றவேண்டும். சிஸ்டர் அனஸ்தாசியா யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார், எண்பத்தாறு வயதில். அவரிடம் வராதீர்கள் என்று சொல்லச் சொல்கிறாயா? கோயில் இல்லையென்றால் நானும் இல்லை. பெனிற்றாவிடம் அப்படியே சொல்.

பிலோமினா

*

டூட்டிங், லண்டன்
6 மே 2024

அக்கா,

பெனிற்றாவிடம் அப்படியே சொன்னேன். அவள் அறைக்குள் போனாள். பிறகு என்னிடம் கேட்டாள், "சின்னம்மா, நான் யாரை விடவேணும் எண்டு அம்மா நினைக்கிறா?" என்று. பதில் உன்னிடம்தான் இருக்கும், எழுது.

மார்த்தா ஊருக்குப் போகமுன்னம் எங்கள் கடைக்கு வந்தார், பெனிற்றாவோடு. நான் மீன் தட்டுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். விடவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பெனிற்றாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்கு அடிக்கவும் தெரியாதாம் சின்னம்மா, வெட்டவும் தெரியாதாம்."

பின்னால் பெட்டிகளின்மேல் இருந்து தேத்தண்ணி குடித்தோம். நீ எழுதினதை அவருக்குச் சொன்னேன். ஓம், சொன்னேன். என் அக்காவும் மடத்தில் அடி வாங்கினவள், ஆனால் சிஸ்டர்மாரில் உயிர் என்றேன். அவர் கோபிக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"உங்கட அம்மா வந்து பாக்கிறவவோ?"

ஞாயிறு ஞாயிறாய் வருவா என்றேன். புட்டும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு வருவா, என்னையும் கூட்டிவருவா, மடத்து மதிலோடு இருந்து சாப்பிடுவோம் என்றேன்.

"என்ன பாஷையில கதைச்சனீங்கள்?"

அக்கா, எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. வேறு எந்தப் பாஷையில் கதைப்பது?

அவர் ஏழு வருடம் கழித்து வீட்டுக்குப் போனபோது தாய் கூப்பிட்டது விளங்கவில்லையாம். மகள் பேசினது தாய்க்கு விளங்கவில்லையாம். ஒரே வீட்டில் இரண்டு பேரும் கையைக் காலைக் காட்டிக்கொண்டு இருந்தார்களாம். பிள்ளையாய் இருந்து பேசின பாஷையை முப்பது வயதுக்கு மேலே அயலட்டைக் கிழவிகளிடம் கேட்டுப் படித்தாராம். அதற்குள் தாய் போய்விட்டா. நீ அடியைப் பற்றி எழுதினாய். அடியை விடு, அக்கா. அடி எனக்கும் விழுந்தது. எங்களிடமிருந்து அம்மாவை ஒருவரும் பறிக்கவில்லை.

இன்னும் ஒன்று. அவருக்கு ஒரு தம்பி. ஒரே பிளேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொடியன்கள் வேறு பக்கம், பெட்டைகள் வேறு பக்கம். சாப்பாட்டு அறையில் தூரத்தில் காண்பாராம், பேசக் கூடாது. ஏழாவது மாரியில் அவன் இருந்து சாப்பிடுகிற வாங்கில் வேறு பிள்ளை இருந்ததாம். கேட்க வாயைத் திறந்தால் கை நீட்டவேண்டும். கோடையில் பிளேன் பிள்ளைகளோடு திரும்பி வந்தபோது, தாய் ஆற்றங்கரையில் நின்று எல்லாரும் இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாவாம். அதற்குப் பிறகும் நின்றாவாம். அதுவரை ஒருவரும் அந்த மனுசிக்குச் சொல்லவில்லை.

செத்த பிள்ளையை எந்தக் குழியில் தாட்டார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியாது. அந்தச் சிஸ்டர்மாரின் தலைமை மடம் உங்கள் ரொறன்ரோவிலிருந்து கொஞ்சத் தூரம்தானாம். மார்த்தா இரண்டு தடவை அந்தக் கதவுவரை போய்த் திரும்பி வந்துவிட்டார். மணியை அடிக்கக் கை எழும்பவில்லையாம்.

உனக்குச் சிஸ்டர்மாரோடு பேசத் தெரியும். நீ போ, அக்கா. போய்க் கேள்.

கோயில் கதையையும் சொன்னேன். அவர் சொன்னார், மகனுக்காக வருவேன், உள்ளே வர ஏலாது, வாசலில் நிற்பேன் என்று.

யசிந்தா

*

மார்த்தாவின் வீடு
24 யூன் 2024

இயேசு மரி சூசை

சிந்தா,

நான் எங்கே இருந்து எழுதுகிறேன் என்று பார். றோட்டு இல்லாத ஊர் என்று நீ எழுதினபோது நான் நம்பவில்லை.

முதலில் மடத்துக்குப் போனேன். நீ சொன்னதைப் பொய் என்று காட்டத்தான் போனேன். சேலை கட்டி, கேக் வாங்கிக்கொண்டு போனேன். நல்ல வரவேற்பு. தரையில் முகம் பார்க்கலாம், அதே மெழுகு வாசனை. எனக்கு அழுகை வந்தது, எங்கள் மடம் மாதிரியே இருந்தது.

இளைய சிஸ்டர் ஒருவர் தேடிப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைகளைத் தாட்ட விபரம் தங்களிடம் இல்லை என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சவக்காலை இருக்கிறதாம். அங்கே செத்த சிஸ்டர்மாருக்கெல்லாம் பெயரோடு சிலுவை நிற்கிறதாம். பிள்ளைகளுக்கு இல்லையாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சிஸ்டர் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று கூட்டிப்போனார்கள். சக்கரக் கதிரையில், தொண்ணூறு தாண்டியவர். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து நின்று பதில் சொன்ன விதத்தைப் பார்த்து, "நீ மடத்துப் பிள்ளை, பார்த்தாலே தெரிகிறது" என்றார். என் வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஏங்கியிருக்கிறேன், சிந்தா. மனம் குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சியோடே கேட்டேன், பீற்றர் என்ற பிள்ளை, மார்த்தாவின் தம்பி, மாரியில் செத்தது, ஞாபகம் இருக்கிறதா என்று.

அவர் என் கையைத் தடவிக்கொண்டே, நல்ல அன்பாகக் கேட்டார்.

"எந்தப் பிள்ளையம்மா? கனபேர் அல்லவா?"

பிறகு, எல்லாரும் ஆண்டவரிடம் இருக்கிறார்கள் என்றார். தேத்தண்ணிக்கு இன்னும் சீனி வேண்டுமா என்றும் கேட்டார்.

கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. கெட்ட ஒன்றிரண்டு பேர் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? இவர் சிஸ்டர் அனஸ்தாசியா மாதிரியே இருந்தார். அதே குரல், அதே சுத்தமான நகம். காரில் ஏறி இருந்துவிட்டுத் திறப்பைப் போட்டுக் காரை எடுக்க ஏலாமல் இருந்தேன். குடியுரிமைச் சோதனைக்கு இந்த நாட்டின் சரித்திரம் முழுவதையும் பாடமாக்கி முழுப் புள்ளி எடுத்தவள் நான். அதில் இது ஒரு வரியும் இருக்கவில்லை.

இதை மார்த்தாவுக்குப் போனில் சொல்ல மனம் வரவில்லை. வந்தேன். கோயில் வேண்டாம் என்று சொல்லவும்தான். சிஸ்டர் அனஸ்தாசியாவுக்கு எழுதிவிட்டேன். நான் செபமாலையை விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் அவர் வாசலில் நிற்க நான் உள்ளே முன் வாங்கில் போய் இருப்பதா? கலியாணம் இங்கேதான், ஓகஸ்டில், ஆற்றங்கரையில். பெனிற்றாவோடும் கதைத்துவிட்டேன். நாலைந்து மாதம் பேசாத பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டாள்.

மார்த்தா தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தேத்தண்ணி போட்டார். மடத்தில் நடந்ததைச் சொன்னேன். "கனபேர்" என்றதையும் மறைக்கவில்லை. அவர் குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, பீற்றர் என்று கேட்டால் எப்படித் தெரியும், அது அவர்கள் வைத்த பெயர்தானே என்றார். தாய் வைத்த பெயரை எனக்குச் சொன்னார். அதை எழுதுவதில்லை என்றார், அதனால் எழுதவில்லை.

என் நாக்குக்கு அது வசப்படவில்லை. பிழைவிட, பிழைவிட அவர் திருத்தினார். பிரம்பில்லை, கோபமில்லை. கடைசியில் சரியாகச் சொன்னேன். அவர் எழும்பிப் போய் வாசல் கதவைத் திறந்தார்.

"இஞ்ச வந்து நிண்டு கூப்பிடும். சாப்பிடக் கூப்பிடுற மாதிரி, உரத்து. அம்மாவுக்குப் பிறகு ஒருத்தரும் அவனைக் கூப்பிடேல்லை."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் வாசலில் நின்று, ஆற்றுப் பக்கம் பார்த்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அக்கா